இங்கிலிஷ் சேருக்கு ஒரு பேச்சுத்துணை

தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்கலாம். தமிழ் ஆசிரியருக்கு அதிபரே துணை. இங்கிலிஷ் சேர் மட்டும் தனி ஆள். ஒரு வாக்கியம் சரியா பிழையா என்று கேட்கப் போனால், "நீங்கதானே இங்கிலிஷ் சேர், எங்ககிட்ட கேக்குறீங்களே" என்று சிரிப்பார்கள். பசறையிலிருந்து மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நமுனுகுலைக்கும் பிரிந்து ஏறுகிற பாதைகளில், ஒரு பாடசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகி, இந்தத் தனிமையோடுதான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தபோது முதலில் மாறியது என் வகுப்பறை அல்ல, இந்தத் தனிமை.

தோட்டத்தில் இங்கிலிஷ் சொல்லுக்குப் பஞ்சமில்லை. செக்ரோல், பெக்டரி, டிவிஷன், ஸ்டோர், நோம் என்று எழுத்து தெரியாத பாட்டிகூட நாள் முழுக்கச் சொல்லுவாள். முழு வாக்கியமாகக் கேட்க வேண்டுமென்றால் துரை பங்களாவுக்குத்தான் போக வேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். என் காலத்தில் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலிஷுக்கு ஒரு 'சி' எடுத்த பிள்ளை தோட்டத்துக்கே அதிசயம். அந்த அதிசயங்களில் சிலர்தான் பிறகு இங்கிலிஷ் சேராகவும் டீச்சராகவும் ஆனோம். ஆளில்லாத வகுப்புகள் அப்போதும் மிஞ்சின. 2015 வாக்கில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரம் பேரளவில் ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு, பிறகு 10,000. எந்தப் பாடத்துக்கு ஆளில்லையோ அங்கே நின்றவர்கள் அவர்கள். இங்கிலிஷுக்கும் நின்றார்கள்.

பயிற்சி இல்லாமல் இல்லை. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசாங்கம் அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று வந்தவர்கள் நாடு முழுக்க ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் மாதிரி உச்சரிக்க வேண்டியதில்லை, நம்முடைய வழியில் கூச்சமில்லாமல் பேசுங்கள் என்பதுதான் அதன் சாரம். இன்றுவரை நான் மதிக்கிற கருத்து அது. ஆனால் செமினார் முடிந்து பஸ் ஏறி மேலே வந்தால், அந்தக் கூச்சமில்லாத இங்கிலிஷை யாரோடு பேசுவது? பேசாத மொழி துருப்பிடிக்கும். சில வருடங்களில் பாடப்புத்தகத்தின் இங்கிலிஷுக்கு மேல் எனக்கே வாய் எழவில்லை.

பரீட்சை ஒழுங்கும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. சாதாரண தரத்தில் இங்கிலிஷ் கட்டாயப் பாடம், ஆனால் அதில் சித்தியடையாவிட்டாலும் உயர்தரம் படிக்கலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் உண்டு, அது இசட் புள்ளியில் சேராது. கணிதத்துக்கும் தமிழுக்கும் ரியூஷன் தேடி ஓடுகிற பெற்றோர் இங்கிலிஷை விட்டுவிடுவதில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய் உட்காரும்போதுதான் அந்தப் பிள்ளைக்கு அடி விழுகிறது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டதும் கல்வி போனுக்குள் போய்விட்டது. ஊவாவில் அது எப்படி இருந்தது என்று அடுத்த வருடம் உலகச் செய்திகளிலேயே வந்தது. பொகிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறையில் ஏறினார்கள். லுணுகலைப் பக்கத்தில் மலையுச்சி மரத்தில் குடில் கட்டி அதில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷன் கோயிலடிதான் சிக்னல் கிடைக்கும் இடம். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். மேல் மாகாணத்துக்கே அந்தக் கதியென்றால் மடுல்சீமைக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் நவம்பரில்தான் சாட்ஜிபிடி வெளிவந்தது. என் கைக்கு வர அடுத்த வருடமாயிற்று. பசறையில் வாடகை அறையில் இருந்தேன், அங்கே சிக்னல் உண்டு. பாடக்குறிப்பு எழுதத்தான் முதலில் திறந்தேன். எல்லா ஆசிரியரும் அதற்குத்தான் திறந்தார்கள், யாரும் மறைக்க வேண்டியதில்லை. கொப்பியில் எழுதி மேசையில் வைத்தால் அதிகாரிகள் கையெழுத்திட்டுப் போகிற தாள் அது. அதை ஒரு இயந்திரம் எழுதினால் யாருக்கும் நட்டமில்லை.

பிள்ளைகளுக்கு வாசிப்புப் பகுதி கேட்டபோதுதான் வேலை தொடங்கியது. தரம் 6க்கு ஒரு சிறு கதை கேட்டேன். அதன் கணக்கில் தரம் 6 என்றால் அமெரிக்கப் பிள்ளை. எங்கள் தரம் 11 பிள்ளைகூட இரண்டாம் பந்தியில் கொப்பியை மூடிவிடும். அதனால் தரத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன். பாடப்புத்தகத்தின் பின்னாலுள்ள சொற்களைத் தட்டெழுதிக் கொடுத்து, இவற்றுக்கு வெளியே ஐந்து புதுச் சொல்லுக்கு மேல் வரக்கூடாது, ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது, மொத்தம் பத்து வரி, இறந்தகாலம் மட்டும் என்று கட்டுப்பாடு போட்டேன். அதற்குப் பிறகுதான் வகுப்புக்குக் கொண்டுபோகக்கூடிய ஒன்று வந்தது. நான் இதைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் எல்லோரும் முதல் கேள்வியை ஒரு வரியில் கேட்டு, வந்த பதிலைப் பார்த்து "இது நமக்குச் சரிவராது சேர்" என்று போனை வைத்தவர்கள்தான்.

இன்னொரு சிக்கல் ஊர். இலங்கைப் பிள்ளை என்று சொன்னால் நிமலும் குமாரியும் வெசாக் கூடு கட்டுவார்கள். தமிழ்ப் பிள்ளை என்று சொன்னால் சென்னையில் ஆட்டோ பிடித்துப் போய் இட்லி சாப்பிடும். மலையகத்துப் பிள்ளை என்று ஒருவர் இருப்பதாக அதற்குத் தானாகத் தோன்றாது. நான் கொடுக்க வேண்டும்: லயம், ஒரே காம்பராவில் ஆறு பேர், காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும், அம்மா கொழுந்து மலையில், அப்பா கொழும்பில் கடையில், வீட்டில் பாட்டி. இத்தனையும் கொடுத்தால் பிறகு ஒழுங்காக எழுதும். கொடுக்காவிட்டால் தேயிலைத் தோட்டத்தை உல்லாசப் பயணி பார்ப்பது மாதிரிப் பனியும் பசுமையுமாக வர்ணித்துத் தள்ளும். எல்லவில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்தில் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் எழுதியதைத்தானே அது அதிகம் வாசித்திருக்கும்.

அப்படி எழுதி வாங்கிய ஒரு பகுதி கொழுந்து நிறுப்பதைப் பற்றியது. அம்மா மடுவத்துக்குச் சாக்கோடு வருகிறாள், கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்கிறார், பத்தொன்பது கிலோ என்று எழுதுகிறார், அம்மா சிரிக்கிறாள். தரம் 7இல் வாசித்துக் கொடுத்தேன். பின்வரிசையில், வருகைப் பதிவுக்குத் தவிர வாயைத் திறக்காத ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. "சேர், நோ வாட்டர் கட்?" என்றது. கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் என்று கிலோவில் வெட்டுவார்களே, கதையில் அது எங்கே என்று கேட்கிறது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு ஆளாளுக்கு எத்தனை கிலோ வெட்டுவார்கள் என்று கத்தினார்கள், பாதி தமிழில், பாதி இங்கிலிஷில். அந்த வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை யாரும் கேட்காமல் இங்கிலிஷில் ஒன்று சொன்னது அன்றுதான், அதுவும் வாதாடுவதற்காக. பாடப்புத்தகத்தில் வருகிற மிருகக்காட்சிசாலைப் பாடம் இதை ஒருநாளும் செய்திருக்காது. அடுத்த நாள் கதையில் தண்ணி வெட்டையும் சேர்த்து, அம்மாவின் சிரிப்பை எடுத்துவிட்டேன்.

இந்தப் பகுதிகளை வகுப்புக்குக் கொண்டுவருவது கடதாசியில்தான். பசறை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுப்பேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு தாள். பொலித்தீன் உறையில் போட்டால் அடுத்த வருடமும் உதவும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பணம் கேட்கலாம்தான். ஆனால் 2024 செப்டம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆகியிருந்த தாய்மாரிடம், தாளுக்குக் காசு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேனென்றால், செயற்கை நுண்ணறிவு இலவசம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கடைசி ரூபாயைக் கணக்கில் எடுப்பதில்லை. இயந்திரம் இலவசமாக எழுதித் தந்ததைப் பிள்ளையின் கையில் சேர்க்கத்தான் செலவு.

கட்டுரை திருத்துவதற்கும் பயன்படுத்தினேன். பிள்ளையின் கையெழுத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால், பிழையாக எழுதியதை அதுவே சரியாக எழுதியதாக வாசித்துவிடுகிறது. "ஐ ஆம் கோ" என்று எழுதியிருந்ததை "ஐ ஆம் கோயிங்" ஆக்கிவிட்டு, பிழையில்லை என்றது. ஆகவே எழுதியபடியே நான் தட்டெழுத வேண்டும். பெயரைப் போடுவதில்லை, அது பிள்ளையின் சொந்த விஷயம். ஒரு வகுப்பின் பத்துப் பன்னிரண்டு கட்டுரையைச் சேர்த்துக் கொடுத்து, எந்தப் பிழை அதிகம் என்று கேட்டால் வகை பிரித்துத் தரும். ஆனால் எதை முதலில் திருத்துவது என்ற விஷயத்தில் அதன் பேச்சைக் கேட்பதில்லை. அது எப்போதும் 'ஏ', 'த' பிழைகளைத்தான் முதலில் தூக்கிப் பிடிக்கும். எங்கள் பிள்ளைக்கு அவை பத்தாவது கவலை. முதலில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். "மை மதர் டீ ப்ளக்கிங்" என்று எழுதுகிற பிள்ளைக்குத் தமிழின் ஒழுங்குதான் மனதில் ஓடுகிறது. அதை ஒரு தவணை முழுக்கப் பார்க்க வேண்டும். இந்த முன்பின் அறிவு வகுப்பில் நின்றவருக்குத்தான் உண்டு.

தமிழில் கேட்டால் அது ஆரம்பத்தில் மெதுவாக இழுத்தது. இந்த மென்பொருள்கள் எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும், தமிழை அளவுக்கு மீறிப் பொடியாக வெட்டின. 2024 மேயில் வந்த புதிய பதிப்பில், முன்பு 116 துண்டாக வெட்டப்பட்ட ஒரு தமிழ்ப் பகுதி 35 துண்டாகக் குறைந்தது என்று அதைச் செய்த நிறுவனமே அறிவித்தது. வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்தது. இங்கிலிஷ் இலக்கணத்தைத் தமிழில் விளக்கு என்று கேட்க அதன் பிறகுதான் துணிந்தேன்.

எனக்கு மிகப் பெரிய லாபம் பேச்சு. இரவில் சாப்பிட்டு முடித்ததும் போனை மேசையில் வைத்து இங்கிலிஷில் பேசுவேன். அன்றைய வகுப்பு, மழை, பஸ் வராதது, அதிபரோடு வந்த சின்ன மனஸ்தாபம் எல்லாம். நடுவில் தடுமாறினால் காத்திருக்கும். பேசி முடித்த பிறகு என் பிழைகளை மட்டும் சொல் என்றால் சொல்லும். புகழ்ச்சிதான் தாங்க முடியாது. எதைச் சொன்னாலும் அருமை என்று தொடங்கும், அதை நிறுத்தச் சொல்லி ஒவ்வொரு முறையும் கண்டிக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர் சில நாள், "சேர் யாரோ வெளிநாட்டுப் பொண்ணுகிட்ட பேசுறாரு" என்று நினைத்திருக்கிறார். எது எப்படியோ, வகுப்பில் நின்று பத்து நிமிடம் தமிழ் கலக்காமல் பேச எனக்கு இப்போது முடிகிறது. பிள்ளைகள் இங்கிலிஷைக் காதால் கேட்பது என் வாயிலிருந்து மட்டும்தான் என்பதால், என் பேச்சு தேறினால் ஒரு பாடசாலை முழுக்கத் தேறுகிறது. பட்டணத்துப் பாடசாலையில் இந்தக் கணக்கு பொருந்தாது.

பிள்ளைகளிடம் நேரே கொடுத்துவிடலாமே என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பெரும்பாலான வீட்டில் ஒரு போன்தான், அது அப்பாவோடு கொழும்பில் இருக்கிறது என்பது ஒரு பதில். போன் உள்ள பிள்ளை என்ன செய்கிறது என்பது இன்னொரு பதில். தரம் 11 பிள்ளை ஒன்று, சுற்றாடலைக் காப்பது பற்றி ஒரு கடிதம் எழுதி வந்தது. ஒரு பிழை இல்லை. கரும்பலகைக்கு அழைத்து, இதில் உனக்குப் பிடித்த வரியைச் சொல்லு என்றேன். நின்றது, சிரித்தது, உட்கார்ந்தது. திட்டவில்லை. இப்போது கடிதத்தைக் கொப்பியில் பார்ப்பதற்கு முன் வாயால் கேட்கிறேன். வீட்டில் எழுதியதற்கு மார்க் கிடையாது, வகுப்பில் சொன்னதற்குத்தான் மார்க்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலை மாணவருக்குக் கணிதத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாட்ஜிபிடியைக் கட்டுப்பாடில்லாமல் வைத்திருந்தவர்கள் பயிற்சியில் பிரமாதமாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாத பிள்ளைகளைவிட 17 வீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த குழுவுக்கு அந்தச் சரிவு இல்லை. இதற்கு நேரெதிராக, நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் 2024இல் உலக வங்கி ஆறு வாரம் நடத்திய வகுப்புகள். பாடம் இங்கிலிஷ், நேரம் பாடசாலை முடிந்த பிறகு, மென்பொருள் மைக்ரோசாஃப்ட் கோபைலட். பிள்ளைகள் கணினியில் வேலை செய்ய, ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று என்ன கேட்பது, வந்த பதிலை எப்படிச் சோதிப்பது என்று வழிகாட்டினார்கள். இங்கிலிஷில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. நம்மைப் போன்ற வசதியற்ற இடத்துக்கு நான் எடுத்துக்காட்டாகப் பிடித்துக்கொள்வது இதைத்தான். அங்கேயும் ஆசிரியர் அறையை விட்டு வெளியே போகவில்லை.

நம் நாட்டிலும் முயற்சி இருக்கிறது. 2024இல் கல்வி அமைச்சு மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து 20 பாடசாலைகளில் தரம் 8 முதல் செயற்கை நுண்ணறிவை முன்னோட்டமாகக் கற்பிக்கத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் நாட்டில் அரச பாடசாலைகள் பத்தாயிரத்துக்கு மேல். முன்னோட்டம் எங்கள் மலைக்கு ஏறிவரும்வரை காத்திருந்தால் இப்போது தரம் 6இல் இருக்கிற பிள்ளை கொழும்பில் கடையில் நிற்கும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது, இனிச் சிக்னல் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். செய்மதி வந்துவிட்டது உண்மை. மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதற்குத் தோட்டத்துப் பாடசாலையில் இன்னும் பதில் இல்லை.

ஊவாவின் பருவத்தையும் யோசிக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு, மழை கனத்தால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். அனுப்பவும் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிவாங்கியது. மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, மின்சாரமும் சிக்னலும் போயின. அந்த நாட்களில் என் போன் ஒரு டோர்ச் லைட், அவ்வளவுதான். வேலை செய்தது பொலித்தீன் உறையில் இருந்த தாள்கள். பாடசாலை திரும்பக் கூடியபோது பாதிப் பிள்ளைகளிடம் புத்தகமே இல்லை. இரண்டு பேருக்கு ஒன்றாக அந்தத் தாள்களைக் கொடுத்துத்தான் ஆரம்பித்தோம்.

ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களிலும் மாகாணத்திலும் திட்டம் போடுகிறவர்களிடம் ஒரு இங்கிலிஷ் சேராகக் கேட்கிறேன். எங்கள் பாடசாலைக்குச் சுவரளவு திரையை இப்போது அனுப்ப வேண்டாம். தனியாக நிற்கிற ஒவ்வொரு இங்கிலிஷ் ஆசிரியருக்கும் மாதாந்தம் கொஞ்சம் டேட்டா, கொத்தணிக்கு ஒரு பிரிண்டர், தவணைக்குச் சில கட்டுக் கடதாசி கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பசறை, பண்டாரவளை, வெலிமடை ஆசிரியர்களை ஒரு சனிக்கிழமை கூட்டி, அவரவர் செய்த வாசிப்புப் பகுதிகளை மாற்றிக்கொள்ள ஒரு மண்டபத்தையும் பஸ் காசையும் தாருங்கள். மண்டபம் எந்தப் பாடசாலையிலும் சும்மாதான் கிடக்கிறது.